நம்பிய தளத்தில் சிவப்பு எச்சரிக்கை: விவசாயிகள் செய்ய வேண்டியது என்ன?

வங்கக் கடலில் புயல் சின்னம் உருவானதும் சென்னை, எண்ணூர் துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படுவதை எல்லோரும் அறிவர். கூண்டு ஏறிவிட்டால் காசிமேட்டுப் படகுகள் கரையை விட்டு நகர்வதில்லை. அன்றைக்கு நல்ல வெயில் அடிக்கலாம். அலையும் அடங்கியே இருக்கலாம். துறைமுகமோ பாட்டன் காலத்திலிருந்து பழகிய துறைமுகம். ஆனாலும் அனுபவப்பட்ட மீனவர் எவரும், "இந்தத் துறைமுகத்தை எனக்கு நன்றாகத் தெரியும்" என்று சொல்லிப் படகை அவிழ்ப்பதில்லை. கூண்டு சொல்வது துறைமுகத்தின் குணத்தை அல்ல, வெளியே வந்துகொண்டிருக்கும் ஆபத்தை என்பது அவருக்குத் தெரியும்.

இதுபோன்ற கூண்டு ஒன்று இப்போது விவசாயியின் செல்போனிலும் ஏறுகிறது. மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் வட்டாரங்களில் பட்டா பார்ப்பதற்கும், பி.எம். கிசான் தவணை வந்ததா என்று அறிவதற்கும், பயிர்க் காப்பீட்டுக்கும், மானியத்துக்கு மனுச் செய்வதற்கும் விவசாயிகள் இணையதளங்களையே நாட வேண்டியுள்ளது. அப்படி ஒரு தளத்தைத் திறக்கும்போது சில வேளைகளில் முழுத் திரையும் சிவப்பாகி, "இந்தத் தளம் ஆபத்தானது, திரும்பிச் செல்லவும்" என்ற பொருளில் வாசகம் தோன்றுகிறது. "அரசாங்கத் தளம்தானே, போன மாதம்கூடத் திறந்தேனே, இன்றைக்கு மட்டும் ஏன் மறிக்கிறது?" என்று எண்ணிப் பலர் அதைத் தாண்டிச் செல்ல வழி தேடுகின்றனர். தாண்டும் வழியும் அந்தத் திரையிலேயே சிறிய எழுத்தில் இருக்கிறது. அதில் விரல் வைப்பதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் சில உண்டு.

ரயிலில் வந்த லிங்க்

மீஞ்சூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். மகன் மணலியில் கம்பெனி வேலை. தந்தைக்குச் சூரிய சக்தி பம்புசெட் போட வேண்டும் என்று நெடுநாள் ஆசை. திருவொற்றியூருக்கு ஒரு காரியமாக மின்சார ரயிலில் செல்லும்போது, தெரிந்தவர் ஒருவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு லிங்க் வருகிறது. "பி.எம். குசும் திட்டத்தில் சோலார் பம்புக்குப் பதிவு நடக்கிறது, இரண்டு நாளில் முடிந்துவிடும்" என்று அதில் இருக்கிறது. எண்ணூரைத் தாண்டுவதற்குள் லிங்கை அழுத்துகிறார். திரை சிவப்பாகிறது. பிரதமர் பெயரில் உள்ள திட்டம், அனுப்பியவரோ ஊர்க்காரர். விம்கோ நகர் வருவதற்குள் எச்சரிக்கையைத் தாண்டி, ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாவற்றையும் நிரப்பி, பதிவுக் கட்டணமும் கட்டிவிடுகிறார்.

இது கற்பனைக்காகச் சொன்ன ஆபத்து அன்று. குசும் திட்டம் 2019-இல் தொடங்கப்பட்டது. அந்த ஆண்டு முதலே, அதன் பெயரில் போலித் தளங்கள் முளைத்து விவசாயிகளின் விவரங்களையும் பதிவுக் கட்டணம் என்ற பெயரில் பணத்தையும் பறிப்பதாக மத்திய புதிய மற்றும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் பலமுறை எச்சரிக்கை வெளியிட்டுள்ளது. தமிழ்நாட்டில் இத்திட்டத்தை நிறைவேற்றுவது வேளாண்மைப் பொறியியல் துறை. மானியம் கணிசமானது என்பதால்தான் தூண்டிலில் இந்த இரை கோக்கப்படுகிறது. இவ்வகை மோசடிக்கு 'ஃபிஷிங்' என்று பெயர் வந்ததும் தூண்டில் போடுவதிலிருந்துதான். எழுத்தில் மட்டும் சற்று மாற்றி வைத்திருக்கிறார்கள்.

மேற்சொன்ன விவசாயி திட்டத்தை நம்பியதில் தவறில்லை. ஊர்க்காரரை நம்பியதிலும் தவறில்லை. அவரும் யாரோ அனுப்பியதை நல்லெண்ணத்தில் மாற்றி அனுப்பியவரே. ஆனால் எச்சரிக்கை கேட்ட கேள்வி வேறு. திறந்த பக்கம் உண்மையிலேயே அந்தத் திட்டத்தின் பக்கம்தானா என்பதே அது. நம்பிக்கை ஒரு பெயரின் மேல் இருக்கிறது, விரல் போய் நிற்பது வேறொரு இடத்தில்.

எச்சரிக்கை எப்படி வருகிறது?

2006 அக்டோபரில் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 2, இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 7 ஆகிய பிரவுசர்களிலேயே இவ்வகைத் தடுப்பு வந்துவிட்டது. இன்று குரோம், ஃபயர்பாக்ஸ், ஆப்பிளின் சஃபாரி ஆகியவை கூகுள் தொகுக்கும் ஆபத்தான முகவரிப் பட்டியலைப் பயன்படுத்துகின்றன. மைக்ரோசாஃப்டின் எட்ஜ் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. திறக்கப்போகும் முகவரி பட்டியலில் இருந்தால் பக்கம் தோன்றுவதற்கு முன்பே சிவப்புத் திரை விழுகிறது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஒரு மோசடித் தளம் சராசரியாகப் பத்து நிமிடத்துக்கும் குறைவான நேரமே உயிரோடு இருக்கிறது என்று 2024 மார்ச்சில் கூகுள் தெரிவித்தது. அரை மணிக்கு ஒருமுறை புதுப்பிக்கும் பட்டியலில் அகப்படாமலேயே அது வந்து போய்விடும். அதனால்தான் அந்த மாதம் முதல் குரோமில் உடனுக்குடன் சரிபார்க்கும் முறை கொண்டுவரப்பட்டது. ஆகவே சிவப்புத் திரை வரவில்லை என்பதால் தளம் நல்லது என்று முடிவு கட்டக்கூடாது. கூண்டு ஏறாத நாளிலும் கடலில் காற்று எழுவதுண்டு.

நல்ல தளத்துக்கும் எச்சரிக்கை வருமா?

வரும். பெரும்பாலும் காரணத்தோடுதான் வரும். திருடர்கள் புதிதாகத் தளம் அமைப்பதைவிட, கவனிப்பாரற்றுக் கிடக்கும் ஒரு நல்ல தளத்துக்குள் புகுந்து, அதன் ஒரு மூலையில் போலி வங்கிப் பக்கத்தை வைத்துவிடுவது எளிது. பள்ளிக்கூடம், சங்கம், சிறு கம்பெனி என எதன் தளமும் இதற்கு இரையாகலாம். அப்போது தளத்துக்காரர் யோக்கியராகவே இருப்பார். அவருடைய தோட்டத்துக்குள் எவனோ கஞ்சா பயிரிட்டது போன்ற நிலைமை. இன்னொரு வகையில், தளத்தின் பெயருக்கு ஆண்டுக் கட்டணம் கட்டாமல் விட்டுவிட்டால் அந்தப் பெயரை வேறொருவர் வாங்கிவிட முடியும். பழைய நோட்டில் குறித்து வைத்த முகவரி, சரியாகத் தட்டச்சு செய்தாலும், புது ஆளிடம் போய் நிற்கும்.

பட்டியலில் தவறுதலாகச் சேர்ந்துவிடும் தளங்களும் உண்டு. அவற்றின் உரிமையாளர் கூகுளிடம் மறு ஆய்வு கேட்டுப் பெயரை நீக்கிக்கொள்ளலாம். பயன்படுத்துபவரும் எச்சரிக்கைத் திரையில் விவரங்களைத் திறந்து, இது தவறான எச்சரிக்கை என்று தெரிவிக்க வழி இருக்கிறது. ஒரு நாள் இரண்டு நாள் பொறுத்தால் தானே சரியாகிவிடும் விஷயத்துக்கு, கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போக வேண்டிய அவசியம் சிறு விவசாயிக்கு அநேகமாக ஏற்படுவதில்லை. மானிய மனுவுக்குக் கெடு இருந்தால் நேரில் அலுவலகம் செல்வதே நல்லது.

சான்று அட்டையும் தளத்தின் சான்றும்

சிவப்புத் திரையோடு பலர் குழப்பிக்கொள்ளும் இன்னொரு எச்சரிக்கை உண்டு. திரை வெள்ளையாக அல்லது கறுப்பாக இருக்கும். "இணைப்பு பாதுகாப்பானதல்ல" என்ற பொருளில் வாசகம் வரும். இது தளத்தின் சான்றைப் பற்றியது.

விதை மூட்டையில் தைத்திருக்கும் அட்டையை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். வல்லுநர் விதைக்கு மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. ஆய்வு செய்த நாளிலிருந்து 9 மாதம் வரை அட்டைக்கு உயிர். மறு ஆய்வில் தேறினால் மேலும் 6 மாதம். கெடு முடிந்த மூட்டையில் உள்ள விதை முளைக்காது என்பதில்லை, நன்றாகவே முளைக்கலாம். முளைக்காவிட்டால் கேட்பதற்கு ஆள் இல்லை, அவ்வளவுதான். இணையதளமும் இதுபோல் ஒரு சான்று வைத்திருக்கிறது. இந்த முகவரிக்கு உரியவர் இவர்தான் என்றும், நடுவில் யாரும் ஒட்டுக் கேட்கவில்லை என்றும் காட்டுவது அது. அதற்கும் கெடு தேதி உண்டு. தளத்தைப் பராமரிப்பவர் புதுப்பிக்க மறந்தால் எச்சரிக்கை எழும்.

சான்று எச்சரிக்கையில் முதலில் பார்க்க வேண்டியது சொந்தச் செல்போனின் தேதி. பேட்டரி முற்றிலும் இறங்கி, தேதி பழைய ஆண்டுக்குப் போய்விட்டால், திறக்கிற தளமெல்லாம் எச்சரிக்கையோடுதான் வரும். தேதியைச் சரிசெய்தால் தீர்ந்துவிடும். ரயில் நிலையங்களில் கிடைக்கும் இலவச வைஃபையில் போன் எண் கொடுத்து உள்ளே நுழைவதற்கு முன் தளத்தைத் திறந்தாலும் இது வரலாம். 2016-க்கு முந்தைய ஆண்ட்ராய்டு மென்பொருள் உள்ள பழைய போன்களில் வேறொரு சங்கடம். ஏராளமான தளங்களுக்கு இலவசமாகச் சான்று வழங்கும் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பின் மூலச் சான்றை அந்தப் போன்கள் அறியமாட்டா. அவற்றுக்காகச் செய்திருந்த மாற்று ஏற்பாடும் 2024 செப்டம்பர் 30-இல் முடிந்துவிட்டது. நல்ல தளங்களும் அவற்றில் மறிக்கப்படலாம். மகன் அல்லது மகளின் புதிய போனில் அதே முகவரியைத் தட்டச்சு செய்து பார்ப்பது இதற்குச் சுலபமான சோதனை. அங்கும் எச்சரிக்கை வந்தால் கோளாறு போனில் இல்லை.

2014-இல் நடந்தது

"அரசாங்கச் சான்று இருந்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். நமது அரசுத் தளங்களுக்குத் தொழில்நுட்பப் பணி செய்யும் தேசிய தகவலியல் மையம் அந்நாளில் தளங்களுக்குச் சான்றும் வழங்கி வந்தது. 2014 ஜூலை 2-ஆம் தேதி, கூகுளின் முகவரிகளுக்கே அந்த மையத்தின் சான்று கூகுளுக்குத் தெரியாமல் வழங்கப்பட்டிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. வழங்கும் முறைக்குள் யாரோ ஊடுருவியிருந்தனர். மறுநாளே, சான்றளிப்போரை மேற்பார்வையிடும் இந்திய அதிகாரி அந்த மையத்தின் சான்றளிக்கும் உரிமைச் சான்றுகளை ரத்து செய்தார். மைக்ரோசாஃப்டும் அவற்றை ஜூலை 10-ஆம் தேதி தன் நம்பிக்கைப் பட்டியலிலிருந்து விலக்கியது. இந்திய மூலச் சான்றை இனி அரசுத் தளங்கள் முதலிய சில முகவரிகளுக்கு மட்டுமே ஏற்பது என்று கூகுள் வரம்பு கட்டியது. ஃபயர்பாக்ஸ் இந்திய மூலச் சான்றை முன்பும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. அதனால் அதில் இச்சான்று கொண்ட அரசுத் தளங்கள் எச்சரிக்கையோடுதான் திறந்தன.

இப்படி உண்மையான அரசுத் தளமே எச்சரிக்கையோடு திறந்த காலத்தில் மக்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் ஒட்டிக்கொண்டது. "அது எப்போதும் அப்படித்தான் வரும், 'தொடர்க' அழுத்துங்கள்" என்பதே அது. கம்ப்யூட்டர் சென்டர்களில் இன்றும் இந்த வாசகத்தைக் கேட்கலாம். பின்னால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் விவசாயிக்கு, முன்னால் இருப்பவர் எந்த எச்சரிக்கையைத் தாண்டினார் என்பதே தெரிவதில்லை.

அடுத்தவர் கையில் பாஸ்வேர்டு போனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2020-இல் பார்த்தது. பி.எம். கிசான் திட்டத்தில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டு, சுமார் ரூ.110 கோடி முறைகேடாக எடுக்கப்பட்டது அந்த ஆண்டு வெளிவந்தது. வேளாண்மைத் துறைக்கு உரிய உள்நுழைவுப் பெயரும் பாஸ்வேர்டும் தவறானவர்களால் பயன்படுத்தப்பட்டிருந்தன. அது போலித் தளத்தால் நடந்ததல்ல. ஆனால் உண்மையான தளத்தின் சாவியே கைமாறிவிட்டால் தளம் உண்மையானது என்பதால் எந்தப் பயனும் இல்லை என்பதை அது காட்டியது.

முகவரியைப் படிக்கும் முறை

தபால் முகவரியில் பெயர் எதுவாக இருந்தாலும், கடிதம் எந்த மாவட்டத்துக்குப் போகும் என்பதைக் கடைசி வரிதான் தீர்மானிக்கிறது. இணைய முகவரியும் அவ்வாறே. தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன் பின் முதலில் வரும் ஒற்றைச் சாய்கோடு வரை பார்க்க வேண்டும். அந்தப் பகுதியின் வால்தான் முக்கியம். மத்திய, மாநில அரசுத் தளங்களுக்கு அது 'ஜி.ஓ.வி. புள்ளி ஐ.என்.' என்று முடியும். இந்த வால் அரசு அமைப்புகளுக்கு மட்டுமே தரப்படுகிறது. போலித் தளக்காரர் 'பி.எம். கிசான்', 'ஜி.ஓ.வி.' ஆகிய எழுத்துகளை எல்லாம் முகவரியின் முன்பக்கத்தில் அடுக்கி, வாலில் மட்டும் வேறு எதையாவது வைத்திருப்பார். செல்போனின் சிறிய திரையில் வால் மறைந்துவிடுவது அவருக்கு வசதி. முகவரிப் பட்டையைத் தொட்டு, கடைசி வரை நகர்த்திப் பார்க்க வேண்டும்.

வங்கிகளின் வாலும் மாறிவிட்டது. 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் 'பேங்க் புள்ளி ஐ.என்.' என்று முடியும் முகவரிக்கு மாற வேண்டும் என ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. பாஸ்புக்கில் அச்சிட்ட பழைய முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்து யாரும் கலங்க வேண்டாம். ஆனால் "முகவரி மாறிவிட்டது, இந்த லிங்கில் விவரத்தைப் புதுப்பிக்கவும்" என்று வரும் செய்தியை எக்காரணம் கொண்டும் திறக்கக்கூடாது.

தாண்டலாமா, கூடாதா?

ஆதார், வங்கிக் கணக்கு, ஓ.டி.பி., பாஸ்வேர்டு ஆகிய நான்கில் ஒன்றையேனும் கேட்கும் பக்கத்தில் எந்த நிற எச்சரிக்கை வந்தாலும் தாண்டக்கூடாது. இதில் விதிவிலக்குத் தேடுவது வீண். பிரவுசரை மூடி, வந்த லிங்கை மறந்துவிட்டு, தெரிந்த முகவரியைக் கையால் தட்டச்சு செய்து திறக்க வேண்டும். அப்படித் திறந்தபோது எச்சரிக்கை இல்லையென்றால், முன்பு திறந்தது வேறு தளம் என்று பொருள். அப்படியும் எச்சரிக்கை வந்தால், வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்திலோ கூட்டுறவு சங்கத்திலோ விசாரித்து அறிவது நலம். சோலார் பம்புக்கு வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் நேரிலேயே மனுக் கொடுக்கலாம்.

விலை நிலவரம், பயிர்ப் பாதுகாப்புக் குறிப்பு போன்றவற்றைப் படிக்க மட்டும் செல்லும் தளத்தில், சான்றின் கெடு நேற்றோ முன்தினமோ முடிந்திருப்பது தெரிந்தால், படித்துவிட்டு வருவதில் பெரிய பாதகமில்லை. அங்கே எதையும் நிரப்பக்கூடாது, எதையும் இறக்கிக்கொள்ளவும் கூடாது. சிவப்புத் திரைக்கு இந்தச் சலுகை கிடையாது. அப்பக்கத்தைத் திறப்பதே சில வேளைகளில் போனுக்குள் வேண்டாததை ஏற்றிவிடும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துவோர், தங்கள் சொந்தத் தளமே பட்டியலில் ஏறிவிட்டால், உறுப்பினர்களிடம் "தாண்டி வாருங்கள்" என்று சொல்லாமல், தளத்தை அமைத்துக் கொடுத்தவரை அழைத்து உள்ளே எதுவும் புகுந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். வாட்ஸ்அப்பில் 'ஏ.பி.கே.' என்று முடியும் கோப்பாக வரும் பி.எம். கிசான் செயலி, பிரவுசர் வழியாக வராததால், இந்தச் சிவப்புத் திரைக்கே அகப்படாது. அதை அழித்துவிடுவதே முறை.

கொடுத்துவிட்ட பிறகு

தெரியாமல் தாண்டிப் போய் விவரங்களைக் கொடுத்துவிட்டவர், வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் சொல்லாமல் இருப்பதுதான் மோசடிக்காரருக்குப் பெரிய உதவி. 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளர் ஓ.டி.பி. அல்லது பாஸ்வேர்டைக் கொடுத்ததால் பணம் போயிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போனது முழுவதும் அவருடைய நஷ்டம். தெரிவித்த பிறகு போவது வங்கியின் பொறுப்பு. எனவே ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை உண்டு. முதலில் வங்கிக்குச் சொல்லிக் கணக்கிலிருந்து பணம் வெளியே போவதை நிறுத்த வேண்டும். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். இது நாடு முழுவதற்குமான இணைய மோசடிப் புகார் எண். பணம் எந்தக் கணக்குக்குப் போனதோ அந்தக் கணக்கை முடக்க அங்கிருந்து முயற்சி செய்வார்கள். பணம் போன தேதி, நேரம், தொகை, வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்தியில் உள்ள பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு பேச வேண்டும். வந்த லிங்கை அழிக்காமல் அப்படியே வைத்திருக்க வேண்டும், போலீசார் கேட்பார்கள். புகார் எண்ணை ஒரு தாளில் எழுதி பாஸ்புக்குக்குள் வைத்துக்கொண்டால், மறுநாள் வங்கிக்கு எழுத்து மூலம் மனுக் கொடுக்கும்போது உதவும்.